பல்லி விடுமுறை

“வரும் திங்கட்கிழமை பல்லி விடுமுறை.”

முகுந்தன் அந்த வரியைப் படித்ததும், குடித்துக்கொண்டிருந்த தே தாரிக்கை மேசைமேல் வைத்துவிட்டார். ஆண்டுத் தொடக்கத்திலிருந்து அவர் காத்திருந்த பிழை இது.

“மாட்டுனீங்க லா, புனிதா டீச்சர்!” என்றார் கைப்பேசியைப் பார்த்து.

புனிதா, கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவ மாணவர்களுக்குத் தமிழ் கற்பிப்பவர். வகுப்பில் நடந்தது என்ன, வீட்டுப்பாடம் எது, சோதனை எப்போது என்பதையெல்லாம் வாரந்தோறும் எழுதிப் பெற்றோருக்கு அனுப்புவார். வாட்ஸ்அப் புலனக் குழு எதையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. செய்தி அவரவர் கைப்பேசிக்கு நேரே வந்து சேரும்.

பேச்சுப்போட்டிக்கு முகுந்தனின் மகள் தாமரையை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. முகுந்தனைப் பொறுத்தவரை அது மன்னிக்கத்தக்க குற்றமன்று.

சென்ற ஆண்டு இதே குற்றத்தைச் செய்தவர் தனலெட்சுமி டீச்சர். அவர் அனுப்பிய அறிவிப்பில் ஓர் ஒற்று விடுபட்டிருந்ததை ‘ஒற்றுக்கு ஓர் ஒற்றன்’ என்னும் முகநூல் பக்கம் ஊருக்கே காட்டிச் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள், அவர் அழுதுகொண்டே பந்திங்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவருடைய மேசைக்குப் பக்கத்து மேசைதான் புனிதாவுடையது. அந்த வகுப்பும் புனிதாவின் பொறுப்புக்கு வந்தது.

ஒற்றன் யாரென்பது பள்ளியில் எவருக்கும் தெரியாது. முகுந்தனின் மனைவிக்கு மட்டும் தெரியும்.

“யாரு பொழப்புலயோ ஏங்க கை வைக்கிறீங்க? ஒரு அம்மா போனது பத்தாதா?” என்றாள் அவள்.

“என் பிள்ளைய மேடை ஏத்தாதவ, இனிமே இங்க வகுப்பும் ஏறக்கூடாது. நீ பேசாம இரு.”

செய்தியைத் திரையோடு படம் பிடித்தார். தம்மைக் காட்டிக்கொடுக்கும் எதுவும் இல்லாதபடி ஓரங்களைக் கவனமாக வெட்டினார். ‘பல்லிக்கு விடுமுறையாம்! பிள்ளைகளுக்கு எப்போது, தமிழாசிரியை அவர்களே?’ என்று தலைப்பிட்டு ஏற்றினார்.

அன்று மாலைக்குள் கிள்ளான் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை அந்தப் பல்லி ஊர்ந்துவிட்டது.

“எங்க வீட்டுப் பல்லி லீவு கேக்காமலே சுவத்துல படுத்துக் கிடக்குது, பாஸ்.”

“கரப்பான் பூச்சி பாவம் லா, அதுக்கும் ஒரு நாள் குடுங்க டீச்சர்.”

“இவங்கள எல்லாம் யாரு வேலைக்கு எடுத்தது?”

‘அந்த டீச்சர் நல்லா எழுதுவாங்களே’ என்று யாரோ ஒருவர் பரிந்து எழுதியிருந்தார். முகுந்தன் அதை உடனே நீக்கினார். பழி வாங்கும் நேரத்தில் பரிவு எதற்கு?

மறுவாரம் தலைமையாசிரியர் ராஜனின் அறையில் விசாரணை நடந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் செயலவை உறுப்பினர் என்ற முறையில் முகுந்தனும் அழைக்கப்பட்டிருந்தார். புனிதாவை மாற்றும்படி கேட்கும் மனுவோடுதான் அவர் வந்திருந்தார்.

“டீச்சர் மேல எனக்குத் தனிப்பட்ட கோவம் ஒண்ணும் இல்ல, சார். அந்தப் பக்கத்த நடத்துறவன் எவன்னு கூட எனக்குத் தெரியாது,” என்றார், குரலை இறக்கி. “ஆனா பிள்ளைங்க படிப்பு இருக்கு பாருங்க. பள்ளிக்கும் பல்லிக்கும் வித்தியாசம் தெரியாதவங்க கிட்ட எப்படி விடுறது?”

ராஜன் ஆசிரியையிடம் திரும்பினார். “நீங்க என்ன சொல்றீங்க, புனிதா?”

“நான் எழுதுனதுதான், சார்.”

“அவசரத்துல தப்பா போயிடுச்சா?”

“இல்ல, சார். நல்லா யோசிச்சுத்தான் எழுதுனேன்.”

முகுந்தனுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. வேலைக்குத் தாமே வேட்டு வைத்துக்கொள்ளும் ஆசிரியையை அவர் அதுவரை கண்டதில்லை.

“பாத்தீங்களா சார், எவ்ளோ திமிரு! தனலெட்சுமி டீச்சராவது அழுதாங்க. இவங்களுக்கு அந்த வெக்கமும் இல்ல.”

தனலெட்சுமியின் பெயரைக் கேட்டதும் புனிதா முதன்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“முகநூல்ல வந்த படம் உண்மையான படந்தானா?” என்று ராஜன் கேட்டார். “இப்பல்லாம் எத வேணும்னாலும் போலியா செய்யுறாங்களே, முகுந்தன்.”

“போலியா? என்ன சார் நீங்க!” முகுந்தன் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, அந்தச் செய்தியைத் திறந்து நீட்டினார். “இந்தாங்க, என் போன்லயே இருக்கு. டீச்சர் எல்லாப் பெத்தவங்களுக்கும் அனுப்புன அதே மெசேஜ். ஒரு எழுத்து மாறல.”

ராஜன் கைப்பேசியை வாங்கி, முகநூல் படத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, மேசைமேலிருந்த மாற்றல் மனுவை எடுத்து, முகுந்தனிடமே திருப்பிக் கொடுத்தார்.

முகுந்தன் விளங்காமல் விழித்தார்.

“மத்தவங்க எல்லாருக்கும் ‘பள்ளி’ன்னுதான் எழுதுனேன், தாமரை அப்பா,” என்றார் புனிதா. “பல்லிய உங்க வீட்டுக்கு மட்டுந்தான் அனுப்புனேன்.”