பத்து மீன்கள்

சாயப்பட்டறை மனேஜர் சிவபாலன் கழிவுநீர்க் கலனை எங்கள் ஆய்வுகூட மேசையில் வைத்தார். அந்த நீரில் பத்து மீன்களை நான்கு நாள் விடுவோம். பாதிக்கு மேல் செத்தால், கழிவை ஆற்றில் விடும் அனுமதி அவருக்குக் கிடைக்காது.

"எந்த இடம், தங்கச்சி?"

"முகத்துவாரம். அப்பா கடலுக்குப் போறவர்."

"அதுதானே. கம்பஸ் போய்ப் படிச்சும் மீனோடதான் சீவியம்." சிரித்தார். "எங்கட தண்ணியால மீன் சாகுதெண்டு பெட்டிசம் போடுறதும் உங்கட ஆக்கள்தான். இதில ஒண்டும் சாகாது, பாரும்."

"பட்டறைக் கழிவு வாய்க்கால்லதான் எடுத்தீங்களா சேர்?"

"நானே இறங்கி எடுத்தனான்." படிவத்திலும் அப்படியே எழுதிக் கையெழுத்து வைத்தார். சப்பாத்தில் ஒரு பொட்டுச் சேறில்லை.

மறுநாள் காலை பத்தும் வயிற்றைக் காட்டி மிதந்தன. போனில் சொன்னதும் ஓடி வந்தார்.

"நீ வேணுமெண்டு நோஞ்சான் மீனை விட்டிருக்கிறாய்."

"அதே மீன்தான் பக்கத்துத் தொட்டியில எங்கட கிணத்துத் தண்ணியில நீந்துது."

"அதெப்படிச் சாகும்? அது எங்கட கன்டீன் குழாயில பிடிச்ச தண்ணி. நாங்க குடிக்கிறது."

சொன்ன பிறகுதான் வாயை மூடினார்.

"குழாய்த் தண்ணிக்குக் குளோரின் போடுறவங்க சேர். அது மனுசருக்கு ஒண்டும் செய்யாது, மீனைக் கொல்லும். வீட்டில மீன்தொட்டி வச்சிருக்கிற பிள்ளைகளுக்கே தெரியும்."

அவர் கையெழுத்து வைத்த படிவத்தை எடுத்து முன்னால் போட்டேன்.

"இப்ப எதை எழுத சேர்? உங்கட தண்ணி நஞ்செண்டா, நீங்க எழுதினது பொய்யெண்டா?"