சிக்கலை மட்டும் எடு

“யாராச்சும் இருக்கீங்களா? அவரு விழுந்துட்டாரு... மூச்சே விடலை!”

ஹெட்போனில் அந்தக் குரல் விழுந்ததும் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு முகம் வெளிறிப்போனது. கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

பக்கத்து இருக்கையில் அதே அழைப்பைக் கேட்டுக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் அவளைத் திரும்பிப் பார்த்தார். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் அவசர உதவிக்குப் போன் செய்தால், இங்கிலீஷ் பேசும் ஆபரேட்டருக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கும் அலுவலகம் அது. அந்தப் பெண் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் அவள் ‘புதுசு’. உயிர் ஊசலாடும் அழைப்பு அவளுக்கு இதுதான் முதல்.

“பயமா இருக்கா? நான் வாங்கிக்கவா?” மேற்பார்வையாளர் கையை நீட்டினார்.

வேண்டாம் என்று வேகமாகத் தலையசைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். வழக்கமான கீச்சுக்குரல் இல்லை. அடித்தொண்டையிலிருந்து, யாரோ ஒரு மூன்றாம் மனுஷி பேசுவதுபோல் வந்தது. பயத்தில் குரல் கட்டிவிட்டது போலும் என்று மேற்பார்வையாளர் நினைத்துக்கொண்டார்.

“கேக்குதும்மா. ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு. போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வைங்க.”

கதவைத் திறந்து வைக்கச் சொல் என்றார் ஆபரேட்டர்.

“ஓடிப்போய்க் கதவைத் திறந்து வெச்சுட்டு வாங்கம்மா. மேல் தாழ்ப்பாளையும் எடுத்துடுங்க.”

ஒன்று சொன்னால் இரண்டாக்குகிறாளே என்று மேற்பார்வையாளருக்கு லேசாக எரிச்சல் வந்தது. திட்ட நேரமில்லை. அந்த அம்மா ஓடுவதும், கதவு கிறீச்சிடுவதும், மூச்சிரைக்கத் திரும்பி வருவதும் கேட்டன.

ஆபரேட்டர் மளமளவென்று ஆரம்பித்தார். மார்பெலும்பின் கீழ்ப்பாதி, உள்ளங்கையின் அடிப்பகுதி, முழங்கை மடங்காத நிலை, அழுத்தத்தின் ஆழம். புதுசு அப்படியே வரி பிசகாமல் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“எனக்கு ஒண்ணுமே புரியலையே! எங்க கை வெக்கணும்?” என்று அலறினார் அந்த அம்மா.

“சிம்ப்ளிஃபை!” என்று ஆபரேட்டர் இந்தப் பக்கம் கத்தினார். “சிம்ப்ளிஃபை, ப்ளீஸ்!”

புதுசு மேற்பார்வையாளரைத் திரும்பிப் பார்த்தாள். பயிற்சியின்போது இந்தச் சொல்லுக்குத்தான் இருவருக்கும் மல்லுக்கட்டு. ‘குறைச்சுச் சொல்றது’ என்று புதுசு எழுதியிருந்தாள். “தப்பு. கணக்குல எட்டுல நாலுங்கறதைப் பாதின்னு சுருக்குறோம். அளவு குறைஞ்சுதா? சிக்கலைத்தான் எடுக்கணும், சேதியை எடுக்கக் கூடாது” என்று மேற்பார்வையாளர் மார்க்கைக் குறைத்திருந்தார்.

இப்போது அவர் ‘சொல்லு’ என்று கண்ணைக் காட்டினார்.

“அம்மா, அவர் நெஞ்சுக்கு நடுவுல கையை வைங்க. அது மேல இன்னொரு கை. உங்க முழு பலத்தையும் போட்டு அழுத்துங்க. அழுத்தி விடுங்க. அழுத்தி விடுங்க. வேகமா!”

அழுத்தும் சத்தம் கேட்டது. கூடவே ஒரு விசும்பல்.

“ஐயோ, உள்ள ஏதோ மடக்குன்னுச்சு! எலும்பு உடைஞ்சுடுச்சு போலருக்கே!”

அப்படி உடைவது சகஜம்தான், பிறகு சிகிச்சை செய்துகொள்ளலாம், இதயம் நின்றிருப்பதுதான் பெரிய ஆபத்து என்று ஆபரேட்டர் நீளமாக விளக்கினார். புதுசு கண்ணை மூடிக்கொண்டாள்.

“எலும்பு ஒட்டிக்கும்மா. உயிர் ஒட்டாது. அழுத்துங்க!”

மேற்பார்வையாளருக்குச் சிலிர்த்துவிட்டது. ஒரு சேதியும் குறையவில்லை.

“கை ஓஞ்சு போச்சு... என்னால முடியலை...”

“நிறுத்தினா போயிடுவாரும்மா. என்கூடவே எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு...”

இரண்டு குரல்களும் சேர்ந்து எண்ணின. மறுபடி மறுபடி எண்ணின. அந்தப் பக்கம் குரல் தேய்ந்தபோதெல்லாம் இந்தப் பக்கம் குரல் ஏறியது. மேற்பார்வையாளரின் உதடுகளும் தம்மை அறியாமல் கூடவே அசைந்தன.

திடீரென்று தடதடவென்று பூட்ஸ் சத்தம். “தள்ளுங்க, தள்ளுங்க” என்பதுபோல் இங்கிலீஷில் ஆண் குரல்கள். ஏதோ ஒரு கருவி கூவியது. புதுசு ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள்.

“நாடி திரும்பிவிட்டது” என்றது ஒரு குரல்.

புதுசு அதைத் தமிழில் சொல்ல இரண்டு முறை வாயைத் திறக்க வேண்டியிருந்தது. “துடிக்குதும்மா... அவருக்கு நெஞ்சு துடிக்குது.”

இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஹெட்போனைக் கழற்றியவள் மேசைமேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அடுத்த நிமிடமே எழுந்து பையைத் துழாவி எடுத்துத் தோளில் மாட்டினாள்.

மேற்பார்வையாளர் அவள் கையைப் பிடித்தார். “முதல் தடவை அப்படித்தான் இருக்கும். வீட்டுக்குப் போய்ப் படு. பழம் தின்னு கொட்டை போட்ட எனக்கே இவ்வளவு சுருக்கமா சொல்ல வந்திருக்காது. ஆனா ஒண்ணே ஒண்ணு. மனசுல வெச்சுக்கோ.”

“சொல்லுங்க மேடம்.” பழைய கீச்சுக்குரல் திரும்பியிருந்தது. கண் வாசலிலேயே இருந்தது.

“கூப்பிடறவங்க யாரா இருந்தாலும் சார், மேடம்தான். நீ பாட்டுக்கு வரிக்கு வரி அம்மா, அம்மான்னியே? உறவு கொண்டாடினா வேலையில கை நடுங்கும். இனிமே அப்படிக் கூப்பிடாதே.”

புதுசு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பெத்தவளை வேற எப்படி மேடம் கூப்பிடறது?”