பின்வாங்கிப் போனவர்

மெதடிஸ்ட் சபையின் நூற்றாண்டு வரலாறு அன்று அச்சுக்குப் போகவிருந்தது.

"எங்கம்மா விசுவாசத்துல பின்வாங்கிப் போனதா எழுதியிருக்கீங்க. அவங்க பின்வாங்கலை. புருஷன் விட்டுட்டுப் போனதுக்காக நீங்கதான் சபையை விட்டுத் தள்ளினீங்க," என்றாள் வந்தவள்.

சபைச் செயலாளருக்கு முகம் சிவந்தது. "நூறு வருஷக் கதையில ஒரு வார்த்தைக்கா இவ்வளவு ரோஷம்?"

"அம்மா இன்னும் உயிரோட இருக்காங்க. இதைப் படிப்பாங்க."

"போதகர் சொன்னா மாத்தறேன். பழையவர் மாற்றலாகிப் போயிட்டார், புதியவர் இன்னிக்கு வர்றார். அவர் கால்ல போய் விழுங்க!"

மகளாகக் கேட்டே இது கிடைத்திருக்கக் கூடாதா என்று நினைத்தபடி அவள் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"புதுப் போதகர் நான்தான் ஐயா. மாத்துங்க."