வயோலாவுக்குக் கிடைத்த இடம்

ஸ்காட்லாந்து மலைப்பாட்டு ஒன்று நான்கு தந்தி வாத்தியங்களிடம் வந்து சேர்ந்தது. எல்லோரும் சேர்ந்து வாசிக்கப் பங்கு பிரித்தார்கள். மெட்டை முதல் வயலின் எடுத்துக்கொண்டது. கூடவே இழையும் சுரங்களை இரண்டாம் வயலினும், அடியில் நிற்கும் சுருதியைச் செல்லோவும் பிடித்துக்கொண்டன. வயலினைவிடச் சற்றே பெரிதான வயோலாவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

"நடுவில் கொஞ்சம் இடம் காலியாகக் கிடக்கிறதே, அதை நீ நிரப்பேன்" என்றது முதல் வயலின், போனால் போகிறதென்று.

வயோலாவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாகத் தனியாக வாசிக்க நாலு சுரம்! ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் உருகி உருகி வாசித்தது. பாட்டு சட்டென்று நின்றுவிட்டது.

"என்ன ஆச்சு?" என்று பதறியது வயோலா.

"என் கதையில் மலைமேல் நின்று பாடுகிறவள் எதிர்மலையிலிருந்து பதில் வருமென்று காத்திருக்கும் இடம் அது," என்றது பாட்டு. "இருநூறு வருஷமாக வந்ததில்லை. 'ஒரு குரலும் வரவில்லையே' என்பதுதான் என் அடுத்த அடி. இனி அதை எப்படிப் பாடுவேன்?"

கச்சேரியன்று அந்த இடம் வந்தது. வயோலா வில்லைத் தந்திக்கு வெகு அருகில் கொண்டுபோய், தொடாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது.

'ஒரு குரலும் வரவில்லையே' என்று பாடிக்கொண்டு பாட்டு அதைக் கடந்து போயிற்று.