திரும்பி வரும் பெட்டிகள்

"எல்லாரும் ஃபேனுக்குக் கீழ இருக்காங்க. அந்தம்மா மட்டும் ஏன் சார் வெளிய?"

ஜென்சி கேட்டதற்கு சூப்பர்வைசர் ஸ்தனிஸ்லாஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பெட்டி துடைக்கிற வேலை வெளியதான் மேடம். உள்ள வெச்சுத் துடைச்சா மணல் மெஷினுக்குள்ள போயிடும்."

"புரியுது. தினம் அவங்களே ஏன்? ரெஜிஸ்டர்ல ஏழு மாசமா ஒரே பேருதான் இருக்கு. தஸ்லிமா, தஸ்லிமா, தஸ்லிமா."

"அது அப்படித்தான்."

ஜென்சிக்குச் சுருக்கென்றது.

துவாக்குடியில் வால்வு செய்கிற கம்பெனி அது. வால்வுகள் மரப்பெட்டிகளில் தூத்துக்குடி போய், கப்பலேறி, சவுதியில் ஜுபைலில் இறங்கும். முன்பெல்லாம் அங்கே பெட்டியை உடைத்து எறிந்துவிடுவார்கள். இரண்டு வருஷமாகப் பலகை பலகையாகக் கழற்றி, கட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். ஒரே பெட்டி ஆறு தடவை போய் வந்திருக்கிறது.

ஃபேக்டரிப் புகையை மட்டும் காட்டினால் போதாது, மரம் அறுக்கிற இடத்திலிருந்து கப்பல் வரைக்கும் எவ்வளவு கரி, அதாவது கார்பன், காற்றில் கலக்கிறது என்று சொல்லுங்கள் என சரக்கு வாங்குகிறவர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கணக்கை எடுக்கத்தான் ஜென்சி ஹெட் ஆபீசிலிருந்து வந்திருந்தாள்.

கரிக் கணக்கு நன்றாகவே இருந்தது. இந்த ரெஜிஸ்டர்தான் உதைத்தது.

வெளியே போனாள். தலையில் துப்பட்டாவை இறுக்கிக்கொண்டு தஸ்லிமா பலகையைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடையிடையே இருமினாள்.

"அடுத்த வாரத்துலேருந்து எல்லாரும் முறை போட்டு இந்த வேலையைப் பண்ணணும்னு எழுதப் போறேங்க. நீங்க உள்ள வந்து உக்காரலாம்."

பிரஷ் நின்றது.

"வேணாம் மேடம்."

"பயப்படாதீங்க. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"நான்தான் கேட்டு வாங்கினேன். இருமிக்கிட்டே கெடக்கப் போறியான்னு திட்டிட்டுத்தான் குடுத்தாரு."

"கேட்டு வாங்கினீங்களா? இதையா?"

தஸ்லிமா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, பலகையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். பெட்டி எண், தேதி, நிலை. கீழே 'அனுப்பியவர்' என்ற இடத்தில் தமிழில் கையெழுத்து: ஆரிஃப்.

"எங்க வீட்டுக்காரங்க மேடம். அங்க பெட்டி கழட்டுற யார்டுலதான் வேலை."

ஜென்சி சீட்டை இன்னொரு தடவை பார்த்தாள்.

"போன தடவ வந்தப்ப, இனிமே இங்கயே இருந்துடுங்கன்னு கேட்டேன். முடியாதுன்னாங்க. கோவத்துல, 'அப்ப அங்கயே இருந்துக்குங்க, எங்களுக்கு நீங்க வேணாம்'னு சொல்லிட்டேன். பிள்ளைக்கு முன்னாடி. பத்து மாசமாச்சு. பொண்ணு ஸஹ்ராகிட்ட மட்டும் போன்ல பேசுவாங்க. நான் வாங்கினா கட் ஆயிடும்."

"நீங்க மறுபடி மறுபடி போன்…"

"பண்ணாத நாளில்ல."

சீட்டைத் திரும்ப வாங்கித் துப்பட்டா நுனியால் மணலைத் துடைத்தாள்.

"இங்க சேந்த புதுசுல ஒரு பெட்டியில இதைப் பாத்தேன். அப்புறம் வேற யாரையும் தொட விடலை. அவங்க பேருக்குப் பக்கத்துல 'பெற்றுக்கொண்டவர்'னு நான் போடணும். நிக்காஹ் புக்குக்கு அப்புறம் எங்க ரெண்டு பேரு கையெழுத்தும் பக்கத்துப் பக்கத்துல வர்றது இந்தச் சீட்டுலதான் மேடம்."

கொஞ்சம் தயங்கிவிட்டு, 'நிலை' என்ற இடத்தை விரலால் காட்டினாள்.

"எப்பவும் 'சரி'ன்னு ஒத்த வார்த்தைதான் இருக்கும். இன்னிக்குப் பாருங்க."

'கீழ்ப் பலகையில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது. பிரிப்பவர் கை பத்திரம்.'

"கட்டு பிரிக்கிறது நான்னு அவங்களுக்குத் தெரியாது. சீட்டு இங்கயே ஃபைலுக்குப் போயிடும். யாரோ ஒருத்தருக்கு எழுதினதுதான். இருந்தாலும் நாலஞ்சு தடவ படிச்சிட்டேன்." தஸ்லிமா குரலைத் தாழ்த்தினாள். "சாருக்கு இதெல்லாம் தெரியாது மேடம். சொல்லிடாதீங்க."

ஜென்சி உள்ளே வந்து லேப்டாப்பைத் திறந்தாள். காலையில் அடித்த அறிக்கையில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று, துடைக்கும் வேலையை எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, காகிதச் சீட்டை நிறுத்திவிட்டு இனி ஸ்கேன் மட்டும் செய்தால் போதும்.

இரண்டையும் அழித்தாள்.

கிளம்பும்போது அவளுக்கு ஒரு சந்தேகம்.

"சார், ஹெட் ஆபீஸ் அனுப்பின சீட்டு மாதிரியில கையெழுத்துக்கு இடமே இல்லையே?"

"நான் சேத்தது."

"எதுக்கு?"

ஸ்தனிஸ்லாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பேச மாட்டேன்னு ஒருத்தன் பிடிவாதம் பிடிக்கலாம் மேடம். கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்ல முடியாதுல்ல."

ஜென்சி பையைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"வேலைக்கு எழுதிக் குடுத்த மனுவுல புருஷன் பேரு, யார்டு பேரு எல்லாம் இருந்துச்சு. பெட்டி விஷயமா வாரம் ஒரு தடவ அந்த ஆரிஃப்கிட்ட நான்தானே பேசறேன்."

ஜன்னல் வழியே தஸ்லிமா குனிந்து கீழ்ப் பலகையைப் பிரிப்பது தெரிந்தது.

"பாவம் சார் அவங்க. யாரு பிரிக்கிறாங்கன்னு தெரியாமதான் அவரு அப்படி எழுதியிருக்காருன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க."

"அவனுக்குத் தெரியும் மேடம். முதல் பெட்டிக்கே சொல்லிட்டேன்." அவர் குரல் இறங்கியது. "அதை அவனே அந்தப் பொண்ணுகிட்ட சொல்லட்டும்னுதான், நான் இன்னும் வாயைத் திறக்கலை."