கேப்டன் தொப்பி

“பொண்டாட்டியக் கொண்டுபோய் முதியோர் இல்லத்துல தள்ளிட்டு, இவரு மட்டும் படகெடுத்து உல்லாசமா ஊர் சுத்தப் போறாராம்!”

நுவாலா சொன்னது ஜன்னலுக்கு வெளியே நின்றவருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

“மெதுவாப் பேசேன்,” என்றான் கோர்மாக், அவள் கணவன். ஷானன் ஆற்றங்கரையில் இருவரும் சேர்ந்து வாடகைப் படகுகள் விடுகிறார்கள். “அவரு குடும்ப விவகாரம் நமக்கெதுக்கு?”

“என் சித்தி பொண்ணு அந்த இல்லத்துலதான் சமைக்கிறா. ரெண்டு மாசமா இந்த ஆளு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலையாம். இன்னிக்குப் படகோட்ட நான் சொல்லிக் குடுக்கறேன். நாலு கேள்வி நறுக்குன்னு கேக்கணும்.”

“அப்ப அவரு ஊர் போய்ச் சேர்ந்த மாதிரிதான்,” என்று முனகிக்கொண்டே கோர்மாக் சாவியை நீட்டினான்.

துறையில் ஃபெர்கஸ் நின்றுகொண்டிருந்தார். எழுபதைத் தொட்ட மனிதர். கையில் ஒரு பை, அதிலிருந்து எட்டிப் பார்க்கும் சோடா ரொட்டி. தலையில் தங்க ஜரிகை வைத்த புத்தம்புது கேப்டன் தொப்பி. கடைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

“கப்பல் எங்க நிக்குது கேப்டன்?” என்றாள் நுவாலா.

அவர் கோபப்படவில்லை. “இதைப் போட்டுக்கிட்டா, தூரத்துலருந்து என்னை அடையாளம் தெரியுமாம்மா?”

“ஏன், ஊருக்குத் தெரியாம ஓடறீங்களா?”

“அப்படித்தான்னு வச்சுக்கயேன்,” என்று சிரித்தார்.

நுவாலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வயசில் இது ஒரு குறைச்சலா?

தனியாளாக வந்தால், கரையணைத்துக் கயிறு கட்டிக் காட்டிய பிறகுதான் அவர்கள் படகைத் தருவார்கள். ஃபெர்கஸ் நிதானமாக அணைத்தார், இறங்கினார், கட்டினார். முடிச்சு நன்றாகத்தான் விழுந்திருந்தது.

“சரியில்ல. இன்னொரு தடவை,” என்றாள்.

அவிழ்த்துக் கட்டினார்.

“இதுவும் சரியில்ல. இன்னொரு தடவை.”

மறுபடி கட்டினார். பிறகு மெல்லக் கேட்டார்: “ஒரு கையால ஸ்டியரிங்கப் பிடிச்சு ஓட்டலாமாம்மா?”

“எதுக்கு? இன்னொரு கையில விஸ்கி பிடிக்கவா?”

“கரையில இருக்கறவங்களுக்குக் கை காட்டணுமே.”

அது அந்த ஆற்றில் வழக்கம்தான். படகில் போகிறவருக்குக் கரையில் இருப்பவர் கை காட்டுவார். முன்பின் பார்த்திராதவரானாலும் பதிலுக்குக் காட்டியாக வேண்டும். காட்டாதவனைத் திமிர் பிடித்தவன் என்பார்கள்.

“ஊருக்கெல்லாம் கை காட்டுங்க. வீட்டம்மாவ எப்பப் பாத்தீங்க?”

“ரெண்டு மாசமாச்சும்மா.”

“பக்கத்துலதானே இருக்காங்க?”

“பக்கத்துலதான். அந்த வளைவு தாண்டினா இல்லம்.”

“பாக்கணும்னு தோணவே இல்லையா?”

“தோணாத நேரம் இல்லம்மா.”

வாய் மட்டும் நல்லா வக்கணையா இருக்கு என்று நினைத்துக்கொண்டாள். “இங்க பாருங்க பெரியவரே, உங்களை நம்பித் தனியா அனுப்ப முடியாது. படகு கிடையாது. வேற எங்கயாவது பாத்துக்கங்க.”

அவர் முகம் சுருங்கிப்போனது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“சரிம்மா, தர வேணாம். அந்த வளைவு வரைக்கும் ஒரே ஒரு தடவை ஓட்டிக்கறேன். நீயும் கூட இரு. இன்னிக்கு விட்டா எனக்கு வேற வழி தெரியல.”

தொலைகிறார் என்று தலையாட்டினாள்.

வளைவு வந்ததும் ஃபெர்கஸ் வேகத்தைக் குறைத்தார். தொப்பியை மறுபடி மாட்டி, புருவம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டார். இல்லத்தின் புல்வெளி தண்ணீர் வரைக்கும் சரிந்து வந்தது. வெயிலில் நாற்காலி போட்டு வயதானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

பச்சைச் சால்வை போர்த்திய ஒரு பெண்மணி படகைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்.

ஃபெர்கஸும் ஒரு கையைத் தூக்கினார்.

“அது உங்க வீட்டம்மாவா?”

“ரோஷீன்,” என்றார். அந்தப் பெயரைச் சொல்ல ஏங்கிக் கிடந்தவர் போலச் சொன்னார்.

“எவ்வளவு ஆசையாக் கை காட்டறாங்க! இவங்களைப் போய்ப் பாக்காம எப்படி இருக்கீங்க? ஓரமா நிறுத்தறேன். இறங்கிப் போய் ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க.”

“வேணாம்மா. அவளுக்கு என்னை மறந்துபோச்சு. நான் ரூமுக்குள்ள போனா, யாரோ ஒரு ஆம்பளை வந்துட்டான்னு பயந்து அலறி அழறா. கொஞ்ச நாளைக்கு வராதீங்கன்னு அங்க சொல்லிட்டாங்க.”

“அதான் இப்ப சிரிக்கறாங்களே! ஞாபகம் வந்துருச்சு பாருங்க!”

“வரலம்மா. படகுல யாரு போனாலும் இப்படித்தான் சிரிச்சுக் கை காட்டறாளாம். புருஷனுக்குக் கிடைக்காத சிரிப்பு வழிப்போக்கனுக்குக் கிடைக்குது. அதான், ஒரு வாரம் வழிப்போக்கனா இருந்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

புல்வெளி பின்னால் போய்க்கொண்டிருந்தது. ரோஷீன் இன்னும் கையை இறக்கவில்லை. இவரும் இறக்கவில்லை.

நுவாலா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு பழைய கறார்க் குரலை எப்படியோ வரவழைத்துக்கொண்டு சொன்னாள்:

“ஓட்டினது சரியில்ல பெரியவரே. படகைத் திருப்புங்க. இன்னொரு தடவை.”