துளிக்குள் கிரிவலம்

திருவண்ணாமலையில் டாக்டர் நந்தினிக்குக் காலையில் நோயாளிகள், மத்தியானம் ஆராய்ச்சி. அன்று காய்ச்சலோடு வந்த, கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலை ஊர்ப் பொன்னியின் ரத்தத்துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அணுக்கள் எல்லாம், நடுவில் கிடந்த ஒரு தூசியை வலமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கவிழ்த்தால் திசை மாற வேண்டுமே என்று கண்ணாடித் தகட்டைக் கவிழ்த்துப் பார்த்தாள். அப்போதும் வலமாகவே சுற்றின.

சந்தோஷத்தில் பொன்னியைக் கூப்பிட்டாள். "பொன்னிம்மா, வந்து பாருங்க. இதை உலகத்துல யாருமே பார்த்ததில்ல. நாளைக்கே மெட்ராஸ்ல இருக்கிற பெரிய டாக்டருங்களுக்கு எழுதப்போறேன்."

பொன்னி குனிந்து பார்த்தாள். பார்த்ததும் செருப்பைக் கழற்றினாள்.

"இன்னிக்குப் பௌர்ணமி ஆச்சே டாக்டரம்மா. கூட்டம் ஜாஸ்தியாத்தான் இருக்கும்."

நந்தினி அவசரமாகத் தன் விரலைக் குத்தி ஒரு துளியை வைத்தாள். அதிலும் எல்லாம் வலமாகவே சுற்றின. ஒன்று மட்டும், அவளைப் போலவே அவசரமாக, கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிரே வந்துகொண்டிருந்தது.